“டாக்டருக்குப் படிச்சுப்போட்டு எதுக்குங்க ஆராய்ச்சி?” – இதயம், ரத்தக்குழாய் ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காங்கயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். இதயநோய் மருத்துவர். வாரத்தில் பாதி நாள் நோயாளிகளைப் பார்க்கிறேன், மீதி நாளில் ரத்தக்குழாய் நோய்களை ஆராய்கிறேன். ஊருக்குப் போனால் கல்யாண மண்டபத்தில், பள்ளி ஆண்டு விழாவில், ஓ.பி.யில் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவருகே திரும்பி நின்று, எல்லோரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

1. “ஏனுங்க அம்மிணி, டாக்டருக்குப் படிச்சுப்போட்டு எதுக்குங்க ஆராய்ச்சி? வைத்தியம் பாத்தாப் பத்தாதுங்களா?”

ஊருக்கு நல்ல வைத்தியர்தான் முதல் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வைத்தியர் எழுதும் மருந்து சரியானதுதானா என்று யாராவது சோதித்திருக்க வேண்டுமே. 1980களில் நடந்ததைச் சொல்கிறேன். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இடையிடையே துடிப்பு தவறினால், அவர்கள் திடீரென்று இறந்துபோகும் ஆபத்து கூடுதல் என்று தெரிந்திருந்தது. அதனால் தவறும் துடிப்பை அடக்கும் மாத்திரைகளை டாக்டர்கள் எழுதினார்கள். ஈ.சி.ஜி. சீரானது. எல்லோருக்கும் நிம்மதி. பிறகு ‘காஸ்ட்’ என்ற ஆய்வில் ஒரு பாதிப் பேருக்கு அந்த மாத்திரையும், மறு பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 1989இல் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து சாப்பிட்டவர்களிடையே இறப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.

எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோரும் அக்கறையுள்ள, நன்றாகப் படித்த டாக்டர்கள். கண்ணுக்குத் தெரிந்த ஈ.சி.ஜி.யை நம்பிவிட்டார்கள். கட்டிலருகே நிற்கும்போதே ‘இது நிஜமாகவே இவருக்கு உதவுகிறதா?’ என்று சந்தேகப்படவும், அந்தச் சந்தேகத்துக்கு விடை வரும்படி ஒரு சோதனையை அமைக்கவும் தெரிந்தவர் வேண்டும். அந்த இரண்டையும் செய்கிறவரைத்தான் மருத்துவ விஞ்ஞானி என்கிறோம்.

2. “நெஞ்சு டாக்டருன்னா நெஞ்சைத்தானுங்க பாக்கோணும்? ரத்தக்குழாய் எங்கிருந்து வந்துச்சு?”

மாரடைப்பு தொடங்கும் இடமே குழாய்தான். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவர் கெட்டுப்போய், கடைசியில் தசை பட்டுப்போகிறது. பக்கவாதத்தில் பெரும்பகுதியும், சர்க்கரை உள்ளவர்களின் காலில் ஆறாமல் நிற்கும் புண்ணில் பாதிக் கதையும் அதே சுவரில் நடப்பதுதான்.

பலரும் ரத்தக்குழாயை பி.வி.சி. பைப் மாதிரி நினைக்கிறார்கள்: கொழுப்பு உள்ளே படியும், ஒரு நாள் அடைத்துக்கொள்ளும் என்று. நான் கீழ்பவானி வாய்க்காலைச் சொல்வேன். மண்கரை தண்ணீரை உறிஞ்சும், கசியவிடும், பக்கத்துக் கிணறுகளில் ஊற்று எடுக்கவைக்கும். குழாயின் உட்சுவரும் அப்படித்தான். அங்கே ஒரே அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலியம் என்ற செல்கள், ரத்தம் ஓடும் வேகத்தை உணர்ந்து குழாயை விரிக்கவும் சுருக்கவும் செய்கின்றன. அந்த அடுக்கு புகையாலோ சர்க்கரையாலோ கெடும்போது கொழுப்பு சுவருக்குள்ளேயே புகுந்து புண்ணாகிறது. அந்தப் புண்ணின் மேல்மூடி கிழியும் நேரத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது.

இது தெரியவந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்கர் முயலின் ரத்தக்குழாயைத் துண்டு போட்டு மருந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரியவேண்டிய குழாய் சுருங்கியது. வேறு விதமாக வெட்டியபோது விரிந்தது. வெட்டும்போது உட்சுவர் உரசிப்போனதுதான் வித்தியாசம் என்று கண்டுபிடித்து 1980இல் எழுதினார். அந்தச் செல்கள் வெளிவிடுவது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னால் தெரிந்தது. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் பரிசு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வேலை செய்வதும் இந்த வாயுவால்தான். அந்த வகை மருந்தை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கொடுத்துவந்தார்கள், எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே.

3. “நீங்க எப்படிங்க இதுக்குள்ள வந்தீங்க?”

என் பெரியப்பா தறி ஓட்டினவர். நாளைக்கு இரண்டு கட்டு பீடி. 36 வயதில் கால் கட்டைவிரல் கறுத்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, அடுத்த வருடம் முழங்காலுக்குக் கீழே. ‘சக்கரையா இருக்கும்’ என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவருக்குச் சர்க்கரையே இல்லை.

எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருடம் புத்தகத்தில் பர்ஜர் நோய் பற்றிய பக்கத்தைப் படித்தபோது அவர் முகம்தான் தெரிந்தது. லியோ பர்ஜர் 1908இல் விவரித்த நோய். புகையிலை பழகிய, பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட ஆண்களின் கை கால்களில் சின்னச் சின்னக் குழாய்கள் அழற்சியுற்று உறைந்துபோகும். மேற்கு நாடுகளைவிட நம் பக்கம் அதிகம். கோடிக்கணக்கானவர்கள் புகைக்க, சிலருக்கு மட்டும் ஏன் இப்படி என்ற கேள்விக்குப் புத்தகத்தில் விடை இல்லை. அன்று தொற்றிய கேள்வி இன்னும் விடவில்லை.

4. “மொத்தம் எத்தனை வருசமாகுமுங்க?”

எம்.பி.பி.எஸ். பயிற்சி ஆண்டோடு சேர்த்து ஐந்தரை. எம்.டி. பொது மருத்துவம் 3. டி.எம். இதயவியல் 3. ஒவ்வொரு படிக்கும் ஒரு நுழைவுத் தேர்வு. இடையில் ஓரிரு வருடம் நழுவுவது சகஜம். தடங்கலே இல்லாவிட்டாலும் இதயநோய் மருத்துவராக 29, 30 வயதாகிவிடும். பிஎச்.டி.யும் செய்தால் இன்னும் 4, 5 வருடம் சேரும்.

5. “பிஎச்.டி. இல்லாம ஆராய்ச்சி பண்ண முடியாதுங்களா?”

முடியும். மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க டாக்டர்கள் இருவரும் எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) மட்டுமே படித்தவர்கள். பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரும் குழந்தைகளைப் பார்த்து, ஏன் என்று கேட்டார்கள். அந்தக் குழந்தைகளின் தோலிலிருந்து செல்களை வளர்த்து, சாதாரணச் செல்களோடு ஒப்பிட்டார்கள். கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே எடுத்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதம் அந்தச் செல்களில் சரியாக வேலை செய்யவில்லை என்று 1970களில் கண்டார்கள். 1985இல் நோபல். ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து எடுத்த பொருளில் தொடங்கிய ஸ்டாட்டின் மாத்திரைகள் எப்படிக் கொழுப்பைக் குறைக்கின்றன என்பதும் இதனால்தான் விளங்கியது.

பரம்பரையாகக் கொழுப்பு ஏறும் இந்த நோய் நமக்குத் தூரத்து விஷயமில்லை. கோளாறான மரபணு ஒன்று இருந்தால் நடுவயதுக்கு முன்னே மாரடைப்பு வரலாம். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்தால் குழந்தைக்கே வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் இருவரிடமும் அதே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுதல். முழங்கையில், குதிகால் தசைநாணுக்கு மேல் மஞ்சள் கட்டிகளோடு ஒரு பிள்ளை வந்தால் நான் அந்த வீட்டில் எல்லோருக்கும் கொழுப்புப் பரிசோதனை எழுதிவிடுவேன்.

செல், மரபணு, விலங்கு என்று ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு பிஎச்.டி. பெரிய பலம். நோயாளிகளை வைத்து மருந்துச் சோதனையோ, ஊர்களில் கணக்கெடுப்போ செய்ய விரும்புகிறவர்கள் நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் ஆழமாகப் படித்தால் போதும்.

6. “எம் புள்ள கவர்மெண்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம். இதெல்லாம் அவளுக்கு எட்டுமுங்களா?”

எட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966இலிருந்தே நடக்கிறது. 2022 ஜனவரியில் நாமக்கல், திருப்பூர், நீலகிரியிலும் அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டன. சேர்ந்த பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கென்று நடத்தும் 2 மாதக் குறுகிய ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலக் கட்டுரை படிக்க முதல் இரண்டு வருடம் சிரமமாக இருக்கும். எனக்கும் இருந்தது. தினம் ஒரு பக்கம் என்று படித்தால் பழகிவிடும்.

அந்தப் பிள்ளையிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த கேள்வித்தாளில் ‘மார்பில் அழுத்தம் உணர்கிறீர்களா?’ என்று இருக்கும். எங்கள் பக்கத்து ஆத்தா ‘இல்லீங்க’ என்று சொல்லிவிடும். ‘நெஞ்சு கரிக்குதுங்களா, வாயு புடிச்ச மாதிரி இருக்குதுங்களா, நாலு படி ஏறினா கை அசந்து போகுதுங்களா’ என்று கேட்டால்தான் ‘ஆமாங்க, ஒரு மாசமா’ என்று வரும். மாரடைப்பை வாயு என்று நினைத்து ஓமத்தண்ணி, சோடா என்று குடித்துக்கொண்டே நேரத்தைத் தொலைத்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கேள்வியை ஊர் வார்த்தையில் கேட்காத ஆய்வில் இவர்கள் எல்லோரும் ‘வலி இல்லாதவர்கள்’ என்று பதிவாகிவிடுவார்கள். கணக்கே தப்பாகிவிடும்.

7. “ஒரு நாள் எப்படிங்க போகும்?”

திங்கள், புதன், வெள்ளி ஓ.பி.யும் கேத் லேபும். ஆஞ்சியோ (இதயக் குழாய்களைப் படம் பிடிப்பது) பார்ப்பது, அடைப்பு இருந்தால் குழாயை விரித்து நிறுத்தும் ஸ்டென்ட் வைப்பது. இதெல்லாம் நடக்கும் அறைதான் கேத் லேப். செவ்வாயும் வியாழனும் ஆய்வுக்கூடம். அங்கே பெரும்பகுதி நேரம் மைக்ரோஸ்கோப்பில் போவதில்லை. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் ரத்த மாதிரிகளின் எண்ணைச் சரிபார்ப்பது, நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது, மாணவர்கள் கொண்டுவரும் கணக்கை வரிக்கு வரி பார்ப்பது. ராத்திரி மாரடைப்புக்கு அழைப்பு வந்தால் மறுநாள் ஆய்வுக்கூட நாளாக இருந்தாலும் போகத்தான் வேண்டும். களைப்பான பொழப்புதான், மறைக்கவில்லை.

8. “முதல் போட்டா எப்பங்க திரும்பும்? சம்பளம் என்ன?”

நம் ஊர் ஆட்கள் கேட்கவேண்டிய கேள்வி, கேட்பதில் தப்பே இல்லை. கோவையிலோ ஈரோட்டிலோ முழுநேரம் தொழில் பார்க்கும் இதயநோய் மருத்துவர், என்னைப் போல் பாதி நேரம் ஆராய்ச்சியில் இருப்பவரைவிடப் பல மடங்கு சம்பாதிப்பார். பிஎச்.டி. செய்யும் காலத்தில் தேசிய அளவிலான ஆய்வு உதவித்தொகை 2023இலிருந்து தொடக்கத்தில் மாதத்துக்கு 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. 30 வயதுக்கு மேல் குடும்பத்தோடு இதில் ஓட்டுவது கஷ்டம். பெரிய கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் படித்தவர்கள் முதலில் கடனை அடைத்துவிட்டு, பிறகு ஆய்வுக்குள் வருவதுதான் நல்லது. எம்.டி. முடித்துச் சில வருடம் வேலை பார்த்து, பிறகு வந்தவர்களும் நன்றாகச் செய்கிறார்கள்.

9. “எலி, முயலையெல்லாம் வதைக்கறீங்களாமா?”

விலங்குகளைப் பயன்படுத்துகிறோம். 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் முயலுக்குக் கொழுப்பு ஊட்டி, குழாய்ச் சுவர் தடிப்பதைக் காட்டியதிலிருந்தே இது நடக்கிறது. இன்று ஒவ்வொரு விலங்குக்கும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். குறைந்த எண்ணிக்கை, வலி தெரியாத முறை என்பது விதி. செல்லில் பார்க்க முடிந்ததை விலங்கில் செய்வதில்லை.

10. “எங்கப்பாவ வெச்சுச் சோதனை பண்றீங்களான்னு பயமா இருக்குதுங்க.”

பயப்படுவது நியாயம். ஒப்புதல் தாளைத் தமிழில், புரியும்படி கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னால் வாசித்துச் சொல்ல வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் வைத்தியத்தில் ஒரு குறையும் வரக்கூடாது. சேர்ந்த பிறகும் எந்த நாளும் விலகலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். 2009 ஜூனிலிருந்து இந்தப் பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

‘எங்கப்பாவுக்கு வெறும் மாத்திரை விழுந்தா?’ என்பதுதான் அடுத்த பயம். முதல் கேள்வியில் சொன்ன ஆய்வை மறுபடி பாருங்கள். அங்கே வெறும் மாத்திரை கிடைத்தவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். எது நல்லது என்று தெரியாத நிலையில்தான் அந்த மாதிரிச் சோதனை நடக்கலாம். உயிர்காக்கும் என்று ஏற்கெனவே உறுதியான மருந்தை நிறுத்திவிட்டுச் செய்யும் சோதனைக்கு அனுமதி கொடுக்கவே கூடாது.

11. “நம்மூர்ல ஆராய்ச்சி பண்ண என்னங்க இருக்குது? அமெரிக்கா போனாத்தானே ஆவும்?”

வெளியே போய்க் கற்றுக்கொண்டு வருவது நல்லது. நானும் இரண்டு வருடம் இருந்தேன். ஆனால் கேள்விகள் இங்கேதான் இருக்கின்றன. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பது, இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009இல் வெளியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் ஆய்வு மையமும் அந்த வேலையில் இருந்தன. அந்த மாற்றம் உள்ளவர்களிலும் எல்லோருக்கும் இதயத் தசை நோய் வருவதில்லை. யாருக்கு வரும் என்பதை நம் மக்களைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

கோவையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மாரடைப்பு வந்தவரை உடனே கேத் லேபுக்குக் கொண்டுபோவது மேல்நாட்டு வழி. அந்தியூரிலோ தாராபுரத்திலோ இருப்பவருக்கு அது எப்படி முடியும்? கோவையில் பணியாற்றும் தாமஸ் அலெக்சாண்டரும், சென்னையின் அஜித் முல்லசாரியும், மற்றவர்களும் சேர்ந்து ஒரு முறையைச் சோதித்தார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து அனுப்பி, அங்கேயே உறைவைக் கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் மாற்றி ஆஞ்சியோ செய்வது. 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2017இல் வெளியானது. புது மருந்து ஒன்றும் இல்லை, இருந்ததை இணைத்த விதம்தான் புதிது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இல் வந்தது. அதனால் எத்தனை உயிர் மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டியது அடுத்த தலைமுறையின் வேலை.

இன்னும் இருக்கிறது. சோமனூர், பல்லடம் தறிக்காரர்களும் திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களும் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறார்கள். காலில் சிரை புடைத்து முறுக்கிக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். ஊரில் ‘நரம்பு சுருட்டல்’ என்பார்கள். ஷிஃப்டுக்கு நடுவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் இது குறையும் என்று ஒரு பிள்ளை கம்பெனிக்குள் போய் அளந்து பார்த்தால், அதைவிட உபயோகமான பிஎச்.டி. எனக்குத் தெரிந்து இல்லை.

12. “பொம்பளப் புள்ளைய முப்பது வயசு வரைக்கும் படிக்க வெச்சா கல்யாணம் எப்பங்க பண்றது?”

நான் டி.எம். முடிக்கும் முன்பே கட்டிக்கொண்டேன். மகள் பிறந்தபோது ஒரு வருடம் ஆய்வை நிறுத்தினேன். என் மாமியார் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது. படிப்பை முடித்துத்தான் கல்யாணம் என்றோ, கல்யாணம் ஆனால் படிப்பு நிற்கும் என்றோ சட்டம் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் நாலாவது பதிலில் இருக்கும் வருடக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவர் பத்மாவதி 1917இல் பர்மாவில் பிறந்தவர். 1942இல் ஜப்பான் படை வந்தபோது தாயோடும் சகோதரிகளோடும் தப்பி வந்து தங்கியது நம் கோயமுத்தூரில்தான். பிறகு லண்டன், அமெரிக்கா என்று கற்றுவிட்டு டெல்லியில் இதய மருத்துவத்தைக் கட்டி எழுப்பினார். அடுப்புப் புகையால் பெண்களின் நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் தளர்வதையும் ஆராய்ந்தார். சமையல்கட்டைக் கவனித்த ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். 103 வயது வரை வாழ்ந்தார்.

13. “பல வருசம் பண்ணிப்போட்டு, கடைசீல தப்புன்னு வந்தா?”

அடிக்கடி வரும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நாலாவது நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வுக்குக் காசில்லாத ஏராளமானோர் அதனால் பிழைத்தார்கள்.

தோல்வியை ஒளிக்காமல் எழுதுவதும் வேலையில் ஒரு பகுதி. நல்ல கொழுப்பு என்னும் எச்.டி.எல்.லை ஏற்றினால் மாரடைப்பு குறையும் என்று உலகமே நம்பியது. டார்செட்ராபிப் என்ற மருந்து அதை நன்றாகவே ஏற்றியது. ஆனால் சாப்பிட்டவர்கள் அதிகம் இறந்ததால் 2006இல் ஆய்வு நின்றது. அது வெளியே வராமல் இருந்திருந்தால் நாங்கள் இன்றும் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டிருப்போம்.

14. “மருந்துக் கம்பெனி காசுல பண்ற ஆராய்ச்சிய நம்பலாமுங்களா?”

யார் காசு என்று கட்டுரையிலேயே எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, பத்தாவது பதிலில் சொன்ன பதிவேட்டில் முன்கூட்டி எதை அளப்பதாகச் சொன்னார்களோ அதைத்தான் அளந்தார்களா என்று பாருங்கள். கம்பெனி காசில் நல்ல ஆய்வும் உண்டு. ஆனால் பீடியை விட்டால் கால் பிழைக்குமா, உட்கார்ந்து வேலை செய்தால் சிரை புடைக்காதா என்ற கேள்விகளுக்கு எந்தக் கம்பெனியும் காசு தராது. விற்க அங்கே சரக்கில்லை. அவற்றுக்கு அரசுப் பணம்தான் வழி.

15. “உங்க பெரியப்பா இப்ப வந்திருந்தா, அந்தக் காலைக் காப்பாத்தியிருப்பீங்களா?”

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள். விரல் கறுக்கும் முன்பே, நடக்கும்போது பாதம் வலிக்கிறது என்று சொன்ன நாளிலேயே வந்து, பீடியை ஒன்று விடாமல் நிறுத்தியிருந்தால் பெரும்பாலும் கால் தங்கியிருக்கும். பர்ஜர் நோயில் உறுதியாகத் தெரிந்த வழி இன்றும் அது ஒன்றுதான். குறைத்துக்கொண்டால் போதாது, வாயில் அடக்கும் புகையிலையும் கூடாது. வலிக்கும் புண்ணுக்கும் சில மருந்துகள் கொஞ்சம் உதவும். நோயையே நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை.

‘அப்ப அது யாராச்சும் கண்டுபிடிக்கோணும்’ என்றாள். ஆமாம் என்றேன். அவள் பெயரையும் பள்ளியையும் என் குறிப்பேட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். இந்த மே விடுமுறையில் அப்பாவோடு ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறாள்.